புயலில் விழுந்த கிளையில் மரக்கரண்டி: பச்சை மரம், கத்தி, எண்ணெய் எல்லாம் இங்கே பேசலாம்

வாக்குவா வாசல்:

எல்லாருக்கும் வணக்கம். நம் மொரிஷியஸ் தீவில் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை புயல் காலம், காற்று ஓய்ந்த மறுநாள் தெருவெல்லாம் கிளைதான். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது எல்லார் கண்ணும் போர்ட் லூயிஸ் வெள்ளத்தின் மேல் இருந்தது, அது நியாயம்தான், ஆனால் எங்கள் பக்கம் முறிந்து விழுந்த லீச்சிக் கிளையும் மாங்கிளையும் குப்பை லாரியில் ஏறியதைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. 8 செ.மீ. விட்டமுள்ள கிளையை ஒரு முழ நீளத்துக்கு அறுத்து நடுவில் பிளந்தால் இரண்டு கரண்டிக்கு மரம் கிடைத்துவிடும். அவ்வளவு மரத்தை நாம் வீணடிக்கிறோம்.

கொஞ்ச வருடங்களாக நான் கரண்டி செதுக்குகிறேன். மின்சாரக் கருவி ஒன்றும் கிடையாது. ஒரு கைக்கோடரி, ஒரு நேர்க்கத்தி, குழி எடுக்க ஒரு வளைகத்தி. நம் ஊர்க்காரர்கள் இதைப் பற்றித் தமிழில் பேசி நான் பார்த்ததில்லை, அதனால்தான் இந்த இழை.

முதல் விஷயம், காய்ந்த பலகை வேண்டாம். ஈரம் இருக்கும்போது கத்தி தடையில்லாமல் போகும், சீவல் சுருள் சுருளாக வரும். அதே லீச்சி காய்ந்துவிட்டால் கல்தான். இரண்டாவது, கிளையின் நட்ட நடுவில் மெத்தென்று ஒரு தண்டு இருக்கிறதே, அது கரண்டிக்குள் வரவே கூடாது. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையங்கள் சுற்றும் திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழுக் கிளையாக விட்டால் எங்காவது பிளந்தே தீரும். நடுவோடு பிளந்து அந்தத் தண்டை எடுத்துவிட்டால் மரம் தன் போக்கில் சுருங்க இடம் கிடைக்கும்.

ஒரே நாளில் முடிக்க முடியாவிட்டால் பாதிக் கரண்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெயிலில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஃபிளாக் பையன்:

அண்ணா நல்ல விஷயம். எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஆனால் கோடரி, வளைகத்தி எல்லாம் இங்கே எங்கே கிடைக்கும்? ஹார்டுவேர் கடையில் பைன் பலகைத் துண்டு சும்மாவே தருகிறார்கள், அதில் ஆரம்பித்தால் ஆகாதா?

கத்திமுனை:

தம்பி, பைன் பலகையில் ஆரம்பித்தால் வெறுத்துப்போய் நிறுத்திவிடுவாய். அதில் ஒரு வளையம் மென்மையாகவும் அடுத்த வளையம் கெட்டியாகவும் இருக்கும், கத்தி மென்மையான இடத்தை நசுக்கும், கெட்டியில் சறுக்கும். பிசின் வாசனை வேறு சாப்பாட்டில் ஏறும். உங்கள் ஃபிளாக் பக்கம் மாமரம் இல்லாத முற்றம் உண்டா? அதில் ஒரு கிளை போதும். ஒரு எச்சரிக்கை, மாம்பால் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் கொடுக்கும். மாங்காய் பறித்தால் முகம் வீங்குகிற ஆளாக இருந்தால் மாமரத்தை விட்டுவிடு.

கருவிக்கு வருகிறேன். சுவீடனில் மோரா என்கிற ஊரின் கத்திகளைத்தான் உலகம் முழுவதும் கரண்டி செதுக்குகிறவர்கள் ஆரம்பத்தில் வாங்குகிறார்கள். நேர்க்கத்திக்கு 106 எண் கத்தி அல்லது கொஞ்சம் குட்டையான 120, குழிக்கு 164. ஐரோப்பாவில் உறவுக்காரர் யாராவது இருந்தால் லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல், கைப்பையில் வேண்டாம். வளைகத்தியைத் தவிர மற்றது எதற்கும் மாற்று உண்டு. கோடரி இல்லையென்றால் ரம்பத்தால் குறுக்கே வெட்டுகள் போட்டு உளியால் தட்டி எடு.

ஆனால் கருவியைவிடப் பெரிய விஷயம் நார் ஓட்டத்தைப் படிப்பது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கி வைத்த நார்கள். நாரோடு போனால் கத்தி வழுவழுப்பாக வெட்டும், நாருக்கு எதிரே போனால் கத்தி உள்ளே புகுந்து பிளந்துகொண்டே போகும். கரண்டியில் எல்லாமே வளைவு என்பதால் ஒவ்வொரு விரற்கடைக்கும் திசை மாறும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெட்ட வேண்டும், பள்ளத்திலிருந்து மேலே ஏறவே கூடாது. கரண்டித் தலையும் காம்பும் சேருகிற கழுத்தில் இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வந்து நடுவில் சந்திக்க வேண்டும், அந்த இடத்தில்தான் பொறுமை தெரியும். குழியில் முதலில் நாருக்குக் குறுக்கே எடு, பிறகு விளிம்பிலிருந்து அடிக்கு இறங்கு, மறுபக்கத்திலிருந்தும் அப்படியே. அடியில் இரண்டு வெட்டும் சேருகிற இடத்தில் பிசிறு நின்றால் கத்தியைத் தீட்டு, அழுத்தத்தைக் கூட்டாதே.

மொட்டைக் கத்திதான் கையை வெட்டும். கூர்க்கத்தி நீ சொன்ன இடத்தில் நிற்கும், மொட்டைக்கு நீ பலம் கொடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பலம் வழுக்கினால் எங்கே போகும் என்று உனக்குத் தெரியாது. 1000 எண் கல்லில் தீட்டித் தோல்வாரில் நாலு இழுப்பு இழு. வளைகத்திக்கு உள்பக்கம் ஒரு உருண்டைக் குச்சியில் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் போதும்.

ரோஸ் ஹில் அடுப்படி:

தம்பிகளா, நீங்கள் எல்லாம் மரத்திலிருந்து பேசுகிறீர்கள், நான் சட்டியிலிருந்து பேசுகிறேன். என் வீட்டில் எல்லா மரக்கரண்டியும் என் வீட்டுக்காரர் செய்தவை, சொல்லிச் சொல்லி நான் செய்ய வைத்தவை.

கடையில் விற்கிற கரண்டிக்குத் தலை முட்டை வடிவம். அந்த வடிவம் சட்டியில் ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். ருகாய் என்கிற நம் தக்காளிக் குழம்பைக் கிளறும்போது வெங்காயமும் தக்காளியும் அடிப்பிடிக்காமல் இருக்க வேண்டுமானால் முனை நேராக இருக்க வேண்டும், அதுவும் சாய்வாக. நான் வலக்கைக்காரி. எந்த வீட்டிலாவது பல வருடம் புழங்கின பழைய கரண்டியை எடுத்துப் பாருங்கள், வலக்கையால் சமைத்தவர் கரண்டி என்றால் முனையின் இடப்பக்கம் தேய்ந்திருக்கும். அம்மாவின் கரண்டி அப்படித்தான் இருந்தது, தேய்ந்து தேய்ந்து அந்தக் கைக்கும் அந்தச் சட்டிக்கும் சரியாக வந்து நின்றிருந்தது. அந்தச் சாய்வை முதலிலேயே செதுக்கிக் கொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு கடைக்கரண்டி என் கைக்கு ஒத்துவரவில்லை. இடக்கைக்காரர்களுக்குச் சாய்வை மாற்றிச் செதுக்க வேண்டும், இதை எந்தக் கடை யோசிக்கிறது?

அப்புறம் காம்பு. தாளிக்கிற கரண்டிக்குக் காம்பு நீளம் வேண்டும், கடுகு வெடிக்கும்போது கை தள்ளி இருக்க. பருப்புக்கும் ரசத்துக்கும் குழி ஆழம் வேண்டும், தலை காம்பிலிருந்து கொஞ்சம் மேலே நிமிர்ந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் தட்டில் ஊற்ற முழங்கையைத் தூக்க வேண்டியிருக்கும். அல்வா கிண்டும் கரண்டிக்குக் குழியே வேண்டாம், கழுத்து மட்டும் கனமாக இருக்கட்டும். மஞ்சள் ஏறும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதல் வாரமே எல்லாம் மஞ்சளாகிவிடும்.

கத்திமுனை:

அக்கா சொன்ன கழுத்து விஷயத்தை நான் சேர்த்துச் சொல்கிறேன். கழுத்தை மேலிருந்து பார்த்தால் ஒல்லியாகவும் பக்கவாட்டில் பார்த்தால் தடிமனாகவும் விடுங்கள். கிண்டும்போது விசை மேலும் கீழும்தான் வருகிறது, அந்தத் திசையில் மரம் இருந்தால் போதும். பார்க்கவும் மெல்லியதாகத் தெரியும், உடையவும் உடையாது. நிமிர்ந்த தலை வேண்டுமென்றால் இயற்கையாகவே வளைந்த கிளையைத் தேடுங்கள். நேர்மரத்தில் அந்த வளைவை வெட்டினால் வளைவில் நார் அறுந்துபோகும், வளைந்த கிளையில் நார் வளைவோடு கூடவே ஓடும்.

நேர்ப்பேச்சு:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. மார்க்கெட்டில் மரக்கரண்டி என்ன விலை? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரு கரண்டிக்கு ஒரு பகல் முழுக்கப் போகும் போலிருக்கிறது. ஒரு நாள் கூலி என்ன என்று எல்லாருக்கும் தெரியும். வேலைக்குப் போய் வந்து பிள்ளைகளைப் பார்த்து மீதி நேரத்தில் தூங்கினாலே போதும் என்றிருக்கிறவனுக்கு இது எப்படிப் பொருந்தும்? ஓய்வு பெற்றவர்களுக்குச் சரி.

வாக்குவா வாசல்:

நியாயமான கேள்வி. விலைக் கணக்கில் நான் உங்களோடு வாதாட மாட்டேன், அந்தக் கணக்கில் கடைக்கரண்டிதான் ஜெயிக்கும்.

நானும் வேலைக்குப் போகிறவன்தான். பகல் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு, செய்த வேலை எங்கே போனது, யாருக்கு உதவியது என்று தெரியாத வேலை. சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து கத்தியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு இறங்கிவிடும். கத்தி கையில் இருக்கும்போது வேறு எதையும் யோசிக்க முடியாது, யோசித்தால் விரல் போய்விடும். ஆனால் அந்தக் கவனம் களைப்பைத் தருவதில்லை. மரம் உடனுக்குடன் பதில் சொல்கிறது, வெட்டு சரியா தவறா என்று அந்த நொடியே தெரிகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முடிவு எடுக்கிறோம், அது கண்முன்னே நிற்கிறது. எனக்கு இந்த உணர்வு அலுவலகத்தில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

இன்னொன்று, கரண்டி சுவரில் மாட்டுகிற பொருள் கிடையாது. என் சித்தி வீட்டில் நான் செய்த கரண்டி தினமும் குழம்பில் இருக்கிறது. நான் அங்கே போகாத நாளிலும் என் கைவேலை அங்கே சமைக்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு இளைஞர்கள் பிடித்த பெண்ணுக்கு மரக்கரண்டி செதுக்கிக் கொடுப்பது வழக்கமாக இருந்ததாம், 1667 என்று ஆண்டு பொறித்த ஒரு கரண்டி கார்டிஃப் பக்கத்தில் சென்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நகையோ பணமோ கொடுக்க முடியாதவன் நேரத்தைக் கொடுத்தான். நேரம்தான் நம்மிடம் குறைவு என்று நீங்கள் சொல்கிறீர்கள், அதனால்தான் அதைக் கொடுப்பதற்கு மதிப்பு என்று நான் சொல்கிறேன்.

ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து நாளுக்கு அரை மணி செய்யலாம்.

மாயேபூர் வாத்தியார்:

பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்றாரே, பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்பேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவீடனில் நேஸ் என்கிற இடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் ஆசிரியர்களுக்குக் கைவேலைப் பயிற்சி நடத்தினார். தச்சர்களை உருவாக்குவது அவர் நோக்கம் இல்லை. கையும் கண்ணும் மனமும் சேர்ந்து வளரவேண்டும், வீட்டுக்குப் பயன்படுகிற முழுப்பொருளைப் பிள்ளை தானே செய்யவேண்டும் என்பதுதான். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் அங்கே போய்க் கற்றுவந்தார்கள். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழில்தான் நடு. நம் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள், ஒரு பொருளை முழுதாகச் செய்து முடித்த நிறைவு அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம்.

ஆனால் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். கையை நீட்டிச் சுற்றினால் யார்மேலும் படாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும். இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துச் செதுக்க விடவே கூடாது, தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்காலுக்கு வெளியே, இல்லையென்றால் நெஞ்சுக்கு முன்னால் இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்டி வைத்து முதுகுத் தசையால் வெட்டச் சொல்லுங்கள், அப்படிச் செய்தால் கத்தி சில அங்குலத்துக்கு மேல் போகாது. கத்தி கைமாறும்போது உறையில் இருக்க வேண்டும்.

தெற்குக்கரை:

எந்த மரம் என்ற பேச்சில் ஒன்று விட்டுப்போகிறது. மலைப்பக்கம் சீனக் கொய்யா காடாக மண்டிக் கிடக்கிறதே, நாம் எல்லாம் சீசனில் பிளேன் ஷம்பாஞ் பக்கம் போய்ப் பழம் பறிக்கிறோம், அது வெளியிலிருந்து வந்து நம் சொந்த மரங்களை நெருக்கிக் கொன்றுகொண்டிருக்கிற செடி. நல்ல நிலையில் இருக்கிற சொந்தக் காடு நம் தீவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. சீனக் கொய்யா மரம் கெட்டி, நெருக்கமான நார், வழுவழுப்பாக வரும். தண்டு பெருக்காது, அதனால் சின்னக் கரண்டிக்கும் ஊறுகாய்க் கரண்டிக்கும் சரி. தேசியப் பூங்காவுக்குள் வெட்டாதீர்கள், அனுமதி இல்லாமல் எதையும் தொடக்கூடாது. சொந்த நிலத்தில் சுத்தம் செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

கருங்காலியை யாரும் கேட்காதீர்கள், யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். டச்சுக்காரர்கள் 1638இல் இங்கே குடியேறியதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம், வெட்டிக் கப்பலேற்றித் தீர்த்தார்கள். இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் ஈல் ஓ ஸேக்ரெத் தீவுக்குப் போய்ப் பாருங்கள்.

அரளிக் கிளையைத் தொடவே வேண்டாம், மரம் முழுக்க விஷம், வேலியோரம் நேராக அழகாக இருக்கிறதே என்று யாராவது வெட்டிவிடப் போகிறார்கள். கர்ப்பூர மரம் செதுக்க நன்றாக இருக்கும், கப்பல் மாதிரி செய்கிற பட்டறைகளில் துண்டுகள் கிடைக்கும், ஆனால் வாசனை சாப்பாட்டில் ஏறும், கரண்டிக்கு ஆகாது. வாகை மரத்தூள் தும்மலை வரவழைக்கும். பெயர் தெரியாத மரம் என்றால் சாப்பாட்டுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

கியூர்பீப் மழை:

காய வைப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். இங்கே மழை நிற்பதே இல்லை, வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது.

வாக்குவா வாசல்:

நாங்களும் அந்த மேட்டில்தானே இருக்கிறோம், எனக்கும் அதே கதை. போர்ட் லூயிஸ்காரர்களுக்கு வெடிப்புப் பயம், நமக்குப் பூஞ்சைப் பயம். கீழே வெயிலில் இருப்பவர்கள் கரண்டியை அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பையில் போட்டு மடித்து வைக்கட்டும், மெதுவாகக் காயும். நாம் சீவல் போடக் கூடாது, ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெறும் காகிதத்தில் சுற்றிக் காற்றோட்டமான அறையில் வைத்துத் தினமும் காகிதத்தை மாற்றுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், சமையலறைத் தராசே போதும். தடிமன் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் வெடிப்பு பாதி குறையும். சாப்பிடுகிற கரண்டி விளிம்பு 3 மி.மீ. போதும், கிண்டுகிற கரண்டிக்கு 5 அல்லது 6 விடுங்கள்.

ஃபிளாக் பையன்:

கடைசியில் என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய் பூசலாமா? உப்புத்தாள் போடணுமா?

கத்திமுனை:

உப்புத்தாள் வேண்டாம். கூர்க்கத்தியின் கடைசி வெட்டு கொடுக்கிற பளபளப்பை எந்தத் தாளும் கொடுக்காது. தாள் போட்டால் நார் முனைகள் கிழிந்து நிற்கும், முதல் தடவை கழுவியதும் மயிர்க்கூச்செடுத்து எழும்பும்.

ரோஸ் ஹில் அடுப்படி:

இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாயில் வைக்கிற கரண்டிக்குத் தாள் போட்டால்தான் உதட்டுக்குச் சுகம். தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, எழும்பின நாரை மெல்லிய தாளால் மறுபடி தேயுங்கள், இரண்டு மூன்று தடவை செய்தால் அப்புறம் எழும்பாது. என் பேரன் வெறும் கத்தி வெட்டுக் கரண்டியில் கஞ்சி குடிக்க மாட்டேன் என்கிறான்.

கத்திமுனை:

சரி அக்கா, குழிக்குத் தாள், காம்புக்குக் கத்தி. காம்பில் கத்தித் தடம் இருந்தால் ஈரக்கையிலும் வழுக்காது, அதையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் உறையாது, கழுவக் கழுவப் போகும், ஆனால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, வீட்டில் எப்போதும் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை தடவிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அது போதும். நிரந்தரமாக வேண்டுமானால் சாப்பாட்டுக்கு விற்கிற ஆளிவிதை எண்ணெய், அது காற்றுப் பட்டுக் கெட்டியாகும், மெல்லியதாகப் பூசிச் சில வாரம் விடவேண்டும். பெயின்ட் பக்கம் விற்கிற கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காயச் செய்வதற்கு உலோகக் கலவை சேர்த்திருப்பார்கள், கரண்டிக்கு வேண்டாம். இன்னொரு முக்கியமான விஷயம், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறும், சுருட்டி வைத்தால் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

மாயேபூர் வாத்தியார்:

ஒரு சின்ன விலகல். இதெல்லாம் சுவீடன் கலை என்று பேசிக்கொண்டே போகிறோம். 1735இல் கவர்னராக வந்த லாபூர்தொனே போர்ட் லூயிஸைக் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். 1834க்குப் பிறகு நம் ஆட்கள் கரும்புக்கு வந்ததற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழ்க் கை இங்கே உளி பிடித்துவிட்டது. அவர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் துறையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசவும் வேண்டும், அந்தத் தச்சர்களையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். கத்தி வடிவம் வடக்கிலிருந்து வரட்டும், கரண்டியின் வடிவம் நம் அடுப்பிலிருந்து வரட்டும். சிரட்டையில் காம்பு செருகின அகப்பையை விட நல்ல ரசக்கரண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை.

நேர்ப்பேச்சு:

விலை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் இடப்பக்கம் தேயும் என்று அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக் கரண்டியை எடுத்துப் பார்த்தேன், வலப்பக்கம் தேய்ந்திருக்கிறது. என் மனைவி இடக்கைக்காரி. இத்தனை வருடமாகத் தன் கைக்கென்று செதுக்காத கரண்டியில் சமைத்திருக்கிறாள். அவளுக்கு ஒன்று செய்ய வேண்டும். 2021இலிருந்து கடையில் பிளாஸ்டிக் கரண்டியும் தருவதில்லை, அலுவலகத்துக்கு ஒன்று எனக்கும் வேண்டும். பலாக்கிளை ஒன்று வெட்டிக் கிடக்கிறது, அது ஆகுமா?

வாக்குவா வாசல்:

நன்றாக ஆகும். பலா மஞ்சள் நிறம், அதிலிருந்து சாயமே எடுப்பார்கள், அதனால் முதல் சில தடவை தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்துவிட்டுப் புழங்குங்கள். பால் ஒட்டும், கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுங்கள். இன்றைக்கே நடுவில் பிளந்து வையுங்கள், வெட்டின முனைகளில் மரப்பசை பூசிவிடுங்கள், முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், வெடிப்பும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ரோஸ் ஹில் அடுப்படி:

எனக்கும் ஒரு வேண்டுகோள். தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் ஏழு கறி சமைக்கிறபோது பெரிய தேக்சாவில் கிண்ட நல்ல துடுப்பு இல்லை. போன தடவை வைத்திருந்தது கழுத்தில் உடைந்தே போயிற்று. சவுக்குக் கட்டை ஒன்று இருக்கிறது, யாராவது செய்து தர முடியுமா?

கத்திமுனை:

சவுக்கு வேண்டாம் அக்கா, பலம்தான், ஆனால் காயும்போது கண்டபடி பிளக்கும். நேராக வளர்ந்த பலாவிலோ மாவிலோ முடிச்சு இல்லாத கட்டை பார்க்கிறேன். ரம்பத்தால் அறுக்காமல் பிளந்தே எடுக்கிறேன், அப்போதுதான் நார் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஓடும். தேக்சாவின் உயரத்தையும் வாயகலத்தையும் அளந்து இங்கே போடுங்கள், கிண்டுகிறவர் எவ்வளவு உயரம் என்பதையும் சொல்லுங்கள்.